மூன்று ஏழு

"அந்த வின்சென்ட் இனிமே என் வாசப்படி மிதிக்கக் கூடாதும்மா. மிதிச்சா காலை ஒடிப்பேன்."

தயாபரன் செருப்பைக்கூடக் கழற்றாமல் முற்றத்தில் வந்து நின்றார்.

அவருக்கு வயது அறுபத்து நான்கு. கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குருவாக வரித்துக்கொண்ட யசோதரைக்கு நாற்பது.

யசோதரை நாயை மடியில் கிடத்தி, காதைப் புரட்டி உண்ணி எடுத்துக்கொண்டிருந்தாள். மலைமேல் மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது.

"முப்பது வருஷச் சிநேகிதர் ஆச்சே, அண்ணா. என்ன செய்தார்?"

"இன்னிக்குக் கிளப்ல போக்கர் போட்டி. காசு கிடையாது, வெறும் பிளாஸ்டிக் சில்லு. நாங்க எட்டுப் பேர். அதுல என்னைக் கவுத்துட்டான்."

"கள்ள ஆட்டமா?"

"கள்ள ஆட்டம்னா மன்னிச்சிருப்பேன்! சாமர்த்தியம்னாவது சொல்லலாம். என் கையில ரெண்டு ராஜா. அவன் கையில ஒரு ரெண்டு, ஒரு ஏழு. அதைவிட மட்டமான கை அந்த ஆட்டத்திலேயே கிடையாது. அதை வெச்சுக்கிட்டு மொத்தச் சில்லையும் நடுவுல தள்றான். நானும் தள்ளினேன். பொதுச் சீட்டு அஞ்சு விரிச்சாங்க. நடுவுல ஒரு ஏழு வந்துச்சு. வரட்டும். கடைசிச் சீட்டு பாருங்க, அதுவும் ஏழு. மூணு ஏழு! அதுக்கு முன்னால ரெண்டு ராஜா செல்லாது. நான் வெளியே!"

நாய் முனகியது.

"கத்தாதீங்க, அண்ணா. பயப்படுது."

குரல் தணிந்தது. கோபம் தணியவில்லை.

"அவருக்கு ஆட்டம் தெரியாதோ?"

"எனக்குக் கத்துக்கொடுத்ததே அவன்தான். இதுக்கு முன்னாலயும் ரெண்டு தடவை இப்படியே எல்லாத்தையும் தள்ளினான். ஏதோ பெரிய கை வெச்சிருக்கான்னு பயந்து எல்லாரும் சீட்டைக் கவுத்து ஒதுங்கிட்டாங்க. இவன்கிட்ட சில்லு குவிஞ்சதுதான் மிச்சம்."

"ஜெயிச்சதும் என்ன சொன்னார்?"

"'ஐயையோ'ன்னான். கொழுப்பைப் பாருங்க. ஜெயிச்சவன் சொல்ற வார்த்தையா அது? தலையில வேற கையை வெச்சுக்கிட்டான். நக்கல்! அத்தனை பேர் முன்னாடியும் கேட்டுட்டேன், 'நீயெல்லாம் மனுஷனாடா'ன்னு."

"அதுக்கு?"

"கடிகாரத்தைப் பார்த்தான்."

ஓர் உண்ணி கிடைத்தது. அதைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள்.

"கடிகாரத்தை எதுக்கு?"

"நாலு மணிக்கு ஸ்டெல்லாவுக்கு, அதான் அவன் சம்சாரம், ஆஸ்பத்திரியில ரிப்போர்ட் சொல்றாங்களாம். மார்ல கட்டி. இன்னிக்கு ஆட வரலைன்னுதான் சொன்னான். நான்தான், 'ஒரு மணி நேரம் உட்காருடா, மனசு லேசாகும்'னு இழுத்துட்டுப் போனேன்."

"நேரமானதும் பாதியில எழுந்து போயிருக்கலாமே?"

"அதெப்படிம்மா? நம்பி உட்கார்ந்தவங்க ஆட்டம் என்னத்துக்கு ஆகும்? கையில சில்லு இருக்கிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது. போகணும்னா மொத்தத்தையும் தோத்துட்டுத்தான் போகணும். அந்தச் சட்டத்தைப் போட்டதே நான்..."

தயாபரனின் வாய் திறந்தபடியே நின்றது.

யசோதரை நிமிர்ந்து பார்க்கவில்லை. நாயின் இன்னொரு காதைப் புரட்டினாள்.

"மணி என்ன, அண்ணா?"

அவர் வெகுநேரம் கைக்கடிகாரத்தையே பார்த்தார்.

"நாலே கால்."

"இப்ப அவர் முன்னால எவ்வளவு சில்லு இருக்கும்?"

"நிறைய" என்றார் தயாபரன். "என்னோடதும் சேர்த்து."