கடைசி ஊக்கு

ஒரு நாட்டுல ஒரு ஊக்கு இருந்துச்சு. இட்லிக் கடை மரகதவல்லியோட தாலிச் சங்கிலியில, இன்னும் ரெண்டு ஊக்கோட, தாலியை ஒட்டித் தொங்கும். அதனால அதுக்குக் கொஞ்சம் மெதப்பு. "நான் இருக்கிற இடத்தைப் பாத்தியா?"ன்னு பட்டனையெல்லாம் சீண்டிக்கிட்டே இருக்கும்.

அந்த நாட்டு ராசா, பக்கத்து நாட்டு மேல சண்டைக்குப் போகப் போறேன்னுட்டாரு. சாயங்காலம் அரண்மனை மாடத்துல நின்னு கடைசி முடிவைச் சொல்லுவாராம். மரகதவல்லியோட மகன் எல்லையில நிக்கிறான்.

ஊரே கிளம்பிடுச்சு. லட்சம் பேரு. ஆறு மைல் நடந்து, கடற்கரை அரண்மனைக்கு முன்னால போய் நிக்கணும். முன்வரிசையில பெரிய பேனர்: "போர் வேண்டாம்." ஒரு கம்பு ஆட்டோக்காரர் தாவீது கையில, மறு கம்பு மரகதவல்லி கையில.

பேனர் தொண்டையைச் செருமிச்சு. "தோழர்களே! வரலாறு என்னைத்தான் படிக்கப் போகுது!"

"கொய்ய்ய்ங்... ஹலோ... ஹலோ... என்னைத்தான் கேக்கப் போகுது... கொய்ய்ங்"னுச்சு மைக் செட்டு.

"பேசுங்கப்பா, பேசுங்க. நடக்கிறது நான்தானே"னுச்சு மரகதவல்லியோட ரப்பர் செருப்பு. டப்பு, டப்பு, டப்பு.

"யக்கா, ஊக்கு இருக்கா?"ன்னு ஒரு பொண்ணு முந்தானைக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போச்சு. பட்டன் அறுந்தவர் ஒருத்தர் இன்னொண்ணு வாங்கிட்டுப் போனாரு. சங்கிலியில மிச்சம் நம்ம ஆளு மட்டும்தான்.

மூணாவது மைல். உச்சி வெயில். தார் இளகி நிக்குது. பட்டுன்னு மரகதவல்லி பக்கம் பேனரோட தையல் விட்டுப்போச்சு. "வேண்டாம்" மடிஞ்சு உள்ள போயிடுச்சு. வெளிய "போர்" மட்டும் நிக்குது.

ஓரமா ராசாவோட கொடியைப் பிடிச்சிருந்த ஒரு பெரியவர், "அப்படிச் சொல்லுங்கய்யா!"ன்னு கைதட்டினாரு.

அதே நேரம், டப்பு... சடக்! செருப்போட முன் வார் ஓட்டையை விட்டு உருவிக்கிட்டு வந்துடுச்சு.

"அக்கா, ஊக்கு! சீக்கிரம் பேனர்ல குத்துங்க, மானம் போகுது!"ன்னாரு தாவீது.

பேனர் ஊக்கைப் பாத்துக் கெஞ்சுச்சு. "வாடா தம்பி, என் நெத்தியில உக்காரு. போட்டோவுல வருவ!"

ஊக்கு மினுக்குனு நிமிந்துச்சு. தாலியில இருந்து பேனர் நெத்திக்கு. என்ன உத்தியோக உயர்வு!

மரகதவல்லி காலைப் பாத்தாங்க, துணியைப் பாத்தாங்க. "துணியைக் கையால பிடிச்சுக்கலாம் தம்பி. செருப்பைக் கையால பிடிச்சுக்கிட்டு இந்தத் தார்ல மூணு மைல் நடக்க முடியுமா?" உருவின வாரைத் திரும்ப நுழைச்சு, செருப்புக்கு அடியில ஊக்கைக் குறுக்கா குத்திட்டாங்க.

"செருப்புக்கா? அதுவும் அடியிலயா?" ஊக்கு அழாத குறை.

"சத்தம் போடாத, மூடிக்கிட்டு இரு"னுச்சு செருப்பு. "தொறந்துக்கிட்டன்னா நேரா அந்தம்மா கால்லதான் ஏறுவ."

ஊக்கு தன் கூர் முனையை மூடிக்குள்ள இறுக்கி வச்சுக்கிச்சு. தார் சுட்டுச்சு, கல்லு இடிச்சுச்சு, ஒவ்வொரு அடிக்கும் உடம்பு வளைஞ்சுச்சு. கூர் மட்டும் வெளிய வரல. மேல மரகதவல்லி ஒரு கையில கம்பு, மறு கையில "வேண்டாம்" தெரியிற மாதிரி இழுத்துப் பிடிச்ச துணி. மூணு மைலும் கையைக் கீழ எறக்கல. கம்புக்கே வலிச்சிருக்கும், கைக்கு வலிக்காதா?

போய்ச் சேந்தாங்க. அரண்மனை வாசல்ல சிப்பாய்ங்க வரிசை, துப்பாக்கி முனையில பளபளன்னு கத்தி. ராசா மாடத்துக்கு வந்தாரு. கண்ணுக்கு எட்டுற வரைக்கும் தலை.

"நாளைக்குச் சொல்றேன்"னு உள்ள போயிட்டாரு.

"அப்ப நாளைக்கும் நடக்கணும். ஊக்கு அங்கயே கிடக்கட்டும்"னு மரகதவல்லி செருப்பைக் கழட்டித் திருப்பிப் பாத்தாங்க. வளைஞ்சு போன ஊக்கு அப்பத்தான் வெளிச்சத்தைப் பாத்துச்சு.

துப்பாக்கிக் கத்தி சிரிச்சுச்சு. "டேய், நீயும் இரும்பு, நானும் இரும்பு. நீயும் கூர், நானும் கூர். தாலியில இருந்துட்டு செருப்புக்கு வந்திருக்கியே, வெக்கமா இல்ல?"

"மூணு மைல் அந்தம்மா காலுக்கு அடியில இருந்தேன்"னுச்சு ஊக்கு. "ஒரு தடவ கூட குத்தல."

கத்தி, மத்த கத்திகளுக்குக் கேக்காம, மெல்ல குனிஞ்சு கேட்டுச்சு:

"அந்த மூடி... எங்கடா கிடைக்கும்?"