சுமையை இறக்காம நடந்த வெள்ளத்தாயி

மலைக்கு அந்தாண்ட, ஆத்துக்கு இந்தாண்ட, ஒரு காலத்துல ஒரு ராஜா இருந்தாரு. அவருக்கு எல்லாம் தெரியும், உக்காரத்தான் தெரியாது. சோத்துல பாதியில எந்திரிச்சிருவாரு, பாட்டுல பாதியில எந்திரிச்சிருவாரு, வழக்குச் சொல்ல வந்தவன் வாயத் தொறந்தா அதுலயும் பாதியில எந்திரிச்சிருவாரு. "எங்கயாவது போகணும், எதையாவது பாக்கணும்"னு ஒரே அரிப்பு. நீ ஏன்டி சிரிக்கிற? உன்னைத்தான் சொல்றேன்னு நெனச்சியா? காலை ஆட்டாம கேளு.

சும்மா மலையும் அருவியும் பாத்தா அவருக்குப் போதாது. யாரும் போகாத இடமா இருக்கணும், சனங்க மறந்துபோன பழைய இடமா இருக்கணும். இடிஞ்ச கோட்டை, பாழடைஞ்ச மண்டபம், புதர் மூடுன வாசல். அப்படி ஒண்ணக் காட்டுறவனுக்கு அள்ளி அள்ளிக் குடுப்பாரு. பல்லக்குல போவாரு, இறங்குவாரு, "ஆகா"ம்பாரு, அடுத்த மூச்சுல "அடுத்தது எங்க?"ம்பாரு. பாத்த இடத்த அவரு பாத்தாரான்னு எனக்கே சந்தேகம்.

அவருக்கு வழிகாட்டியா அம்பலவாணன்னு ஒருத்தன் இருந்தான். வாய் கிழியப் பேசுவான். முதல்ல நிசமாவே நாலு பழைய இடத்தக் காட்டுனான், பரிசும் வாங்குனான். அப்புறம் தெரிஞ்ச இடமெல்லாம் தீந்துபோச்சு. புதுசாத் தேடணும்னா மலை ஏறணும், முள்ளுல போகணும், கால் கடுக்க நடக்கணும். அவனுக்கோ வாசப்படி ஏறுனாலே முட்டி வலிக்கும். ராஜாவோ தினம் காலையில "அடுத்தது எங்க?"ன்னு நிக்கிறாரு. அம்பலவாணன் யோசிச்சான், யோசிச்சான், யோசிச்சான். "பழைய இடம் கெடைக்கலன்னா என்ன, நாமளே பண்ணிருவோம்"னு முடிவு பண்ணிட்டான்.

ஆனா புதுக்கல்ல வச்சா புதுசுன்னு தெரிஞ்சிரும்ல? வெயில்லயும் மழையிலயும் கெடந்து கறுத்த கல்லு வேணும். அப்பத்தான் அந்தப் பாவி கண்ணு சந்தைப் பாதையில நின்ன சுமைதாங்கி மேல விழுந்துச்சு.

சுமைதாங்கின்னா உங்களுக்கு எங்க தெரியப்போகுது? ரெண்டு கல்ல நட்டு, மேல ஒரு கல்லக் குறுக்கப் போட்டிருப்பாங்க, கழுத்து உசரத்துக்கு. தலையில பெரிய சுமையோட ஒருத்தி தனியா நடந்து வர்றா, கழுத்து கடுக்குது. கீழ இறக்குனா மறுபடி தூக்கிவிட ஒரு ஆளு வேணும், நடுக்காட்டுல ஆளுக்கு எங்க போறது? அதனால அந்தக் கல்லு மேல அப்படியே சுமையத் தள்ளி வச்சு மூச்சு வாங்குவா, அப்புறம் தலையக் குடுத்து அப்படியே வாங்கிக்கிட்டுப் போயிருவா. ஒத்தாசைக்கு யாரும் வேணாம். அந்தக் கல்ல யாரு நட்டாங்கன்னு கேளு. வயித்துப் பிள்ளையோட ஒருத்தி செத்துப்போனா, அவ பேருலதான் நடுவாங்க. அவ சுமைய இறக்காமலே போயிட்டா பாரு. வழியில போறவங்க அந்தக் கல்லு மேல சுமைய இறக்க இறக்க, அவ சுமையும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும்னு ஒரு நம்பிக்கை.

அந்தக் கல்லத்தான் அவன் பிடுங்குனான். ஒண்ணப் பிடுங்குனான், ரெண்டாவதப் பிடுங்குனான், பாதை நெடுகப் பிடுங்குனான். வண்டியில ஏத்துனான், காட்டுக்குள்ள கொண்டுபோனான், கல்லுல வெட்டியிருந்த பேரெல்லாம் உளியால சுரண்டுனான், சுரண்டுன தடம் தெரியாம இருக்கத் தயிரும் சாணியும் பூசிப் பாசி பிடிக்க விட்டான். "இது அந்தக் கால ராணி வாசல் மகாராஜா"ன்னு ஒரு நாள், "இது ஆயிரங்கால் மண்டபத்துல மிச்சம் மகாராஜா"ன்னு ஒரு நாள். ராஜாவும் "ஆகா"ன்னுட்டுப் பரிசக் குடுத்துட்டுப் போயிட்டாரு.

சந்தைப் பாதையில வெள்ளத்தாயின்னு ஒருத்தி கருப்பட்டிக் கூடை சுமப்பா. அவளுக்கு ஒரே அக்கா, பேரு மாசாணம். அம்மா இல்லாத வீட்டுல தங்கச்சிய இடுப்புலயே வச்சு வளத்தவ. தலைப்பிரசவத்துக்கு முன்னாடியே சொரம் வந்து பிள்ளையோட போயிட்டா. அவளுக்கும் அந்தப் பாதையில ஒரு கல்லு இருந்துச்சு. வெள்ளத்தாயி போகும்போதும் வரும்போதும் "அக்கா, இறக்கி வைக்கிறேன்"னு சொல்லிக் கூடைய வைப்பா. ஒவ்வொரு தடவையும் அக்கா சுமையில ஒரு கைப்பிடி குறையுதுன்னு அவளுக்கு ஒரு நிம்மதி.

ஒரு நாள் வர்றா, கல்லக் காணோம். பல்லுப் பிடுங்குன வாய் மாதிரி ரெண்டு குழிதான் இருந்துச்சு. அவளுக்கு அழுகை வரல, கோவம்தான் வந்துச்சு. "அக்கா, உன் கல்லப் பாக்காம இந்தச் சுமைய இறக்க மாட்டேன். நீ சுமக்குற வரைக்கும் நானும் சுமக்குறேன்"னு சொல்லிட்டு, வண்டித்தடம் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் திரும்பிட்டா. வீட்டுக்கும் போகல, சந்தைக்கும் போகல. நடந்தா, நடந்தா, நடந்துகிட்டே இருந்தா.

கொன்றை பூத்த சரிவு வந்துச்சு, ஏறுனா. அங்க பாறையில தடம் மறைஞ்சுபோச்சு. சரிவுக்கு மேல ஒரு பழைய கோட்டை, செவுரு பாதி இருக்கு, பாதி இல்ல. செவுத்து மேல ஒரு உடும்பு வெயில் காஞ்சுகிட்டு இருந்துச்சு.

"உடும்பண்ணே, உடும்பண்ணே, எங்க அக்கா கல்லப் பாத்தீங்களா?"

"அட, மனுச வாடை! இந்தக் கோட்டைக்கு ஆளு வந்து எத்தனையோ காலமாச்சு தாயி. சுமைய இறக்கிட்டு உக்காரு. இந்த மேட்டுல இருந்து பாத்தா ஏழூரும் தெரியும்."

"இறக்க முடியாதண்ணே, உக்கார முடியாது. சொல்லுங்க."

"வண்டி மலையச் சுத்திகிட்டு அந்தாண்ட போச்சு, நீ மலை முதுகு மேல குறுக்க ஏறிப் போ" அப்படின்னுச்சு உடும்பு. அவ நிக்கவே இல்ல, போயிட்டா.

மலை முதுகுல ஒரு ஒத்தையடிப் பாதை, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். பாறைக்குள்ள ஒரு குகை, உள்ள எந்தக் காலத்துலயோ சாமியாருங்க படுத்த கல்லுப் படுக்கை, பக்கத்துல சொட்டுச் சொட்டா ஊத்து. மேல ஒரு வௌவால் தொங்குச்சு.

"வௌவாலக்கா, வௌவாலக்கா, எங்க அக்கா கல்லப் பாத்தீங்களா?"

"யாரும்மா அது? இந்தப் படுக்கையில ஆளு படுத்தத நான் பாத்ததே இல்ல, எங்க பாட்டி சொல்லத்தான் கேட்டிருக்கேன். சுமைய இறக்கிட்டு உக்காரு, ஊத்துத் தண்ணி குடி."

"இறக்க முடியாதக்கா, உக்கார முடியாது. சொல்லுங்க."

"ஆத்துக்கு அந்தாண்ட வண்டிச் சத்தம் கேட்டுச்சு."

இறங்குனா, ஆத்தத் தாண்டுனா, இடுப்பளவு தண்ணி, கூடை நனையல. அக்கரையில தாழம்புதருக்கு நடுவுல ஒரு படிக்குளம், படியெல்லாம் செதுக்குன யானையும் அன்னமும். தண்ணியில ஒரு ஆமை தலைய நீட்டுச்சு.

"ஆமைத் தாத்தா, ஆமைத் தாத்தா, எங்க அக்கா கல்லப் பாத்தீங்களா?"

"வந்தியா! இந்தப் படியில ஒரு கால் படாதான்னு காத்துக் கெடந்தேன். சுமைய இறக்கிட்டு உக்காரு, ஒவ்வொரு யானையாக் காட்டுறேன்."

"இறக்க முடியாது தாத்தா, உக்கார முடியாது. சொல்லுங்க."

ஆமைக்கு மனசு கேக்கல. "கழுத்து நரம்பு பொடைச்சிருக்கே புள்ள. இந்தத் தோப்பத் தாண்டு, பல்லக்கு நிக்கும்"னுச்சு.

தோப்பத் தாண்டுனா பல்லக்கு நிக்குது. ராஜா நிக்கிறாரு. அம்பலவாணன் கைய வீசி வீசிப் பேசுறான். "இதுதான் மகாராஜா, பழைய பட்டணத்துக் கோட்டை வாசல். இதுக்குள்ளதான் அந்தக் காலத்து ராசாவெல்லாம் யானை மேல வருவாங்க." ராஜா ஆசையா உள்ள நுழையப் போனாரு, நங்குன்னு நெத்தியில இடிச்சிருச்சு.

"என்ன அம்பலவாணா, வாசல் இம்புட்டுக் குட்டையா இருக்கு?"

"அந்தக் காலத்து ராசாவெல்லாம் குள்ளம் மகாராஜா."

"யானையும் குள்ளமா?"ன்னு பின்னாடி இருந்து ஒரு சத்தம். எல்லாரும் திரும்பிப் பாத்தா, தலையில கூடையோட வெள்ளத்தாயி. அவ யாரையும் பாக்கல. போக வரக் கூடை வச்ச கல்லு அவளுக்குத் தெரியாதா? நேரா அந்தக் கல்லுகிட்ட போனா, குனியல, நிமிரல, ஒரு கையும் கேக்கல, தலையில இருந்து கூடைய அப்படியே கல்லு மேல தள்ளுனா. அளவெடுத்த மாதிரி உக்காந்துச்சு கூடை. "அக்கா, இறக்கி வச்சுட்டேன்"னு சொல்லிக் கல்லக் கட்டிப் பிடிச்சுகிட்டு அப்பத்தான் அழுதா. நல்லா வாய்விட்டு அழுதா.

"இவ பைத்தியம் மகாராஜா, குட்டையான கல்லுல யாரு வேணும்னாலும் கூடை வைக்கலாமே" அப்படின்னான் அம்பலவாணன்.

வெள்ளத்தாயி கண்ணத் தொடச்சா. "மகாராஜா, வாசல்னா எது தேயும்? சனங்க மிதிக்கிற படி தேயும். இதுல படியே இல்ல. நிலைக்கு மேல போய் யாரு நடக்கப்போறாங்க? மேல தடவிப் பாருங்க."

ராஜா கூடைய நகத்திட்டுத் தடவுனாரு. குறுக்குக் கல்லோட மேல்பக்கம் தேஞ்சு தேஞ்சு, எண்ணெய் தடவுன மாதிரி வழுவழுன்னு இருந்துச்சு. எத்தனை சுமை ஏறி இறங்கியிருக்கணும்! கல்லு யாரோடதுன்னு வெள்ளத்தாயி எல்லாத்தையும் சொன்னா. அவரு மொகம் செவந்துபோச்சு. "செத்துப்போன புள்ளத்தாச்சி கல்லக் காட்டியாடா என்கிட்ட பரிசு வாங்குன? இவன் கழுத்த வெட்டுங்கடா!"

"வெட்டாதீங்க மகாராஜா, அந்தக் கழுத்து வேணும்"னா வெள்ளத்தாயி.

"எதுக்கு?"

"இவரு வாங்குன பரிசையெல்லாம் ஒரு மூட்டையாக் கட்டி இவரு தலையிலயே வைங்க. சந்தைப் பாதை வழியா வீட்டுக்குப் போகட்டும். கொண்டுபோய்ச் சேத்துட்டா எல்லாம் இவருக்கே. தரையில விழுந்தா இவருக்கு இல்ல. நடுவுல கழுத்து வலிச்சா, பாதையில இருக்குற சுமைதாங்கியில இறக்கி வச்சுக்கலாம்."

அம்பலவாணனுக்குச் சிரிப்புத் தாங்கல. உசுரும் பொழைச்சுது, பொன்னும் கெடைச்சுது, இந்தக் கிறுக்கச்சிக்குத் தண்டிக்கக்கூடத் தெரியலன்னு நெனச்சான். அவன் வீட்டுல இருந்த பரிசையெல்லாம் எடுத்துட்டு வந்து மூட்டையாக் கட்டித் தூக்கி வச்சாங்க, பாதை முனையில கொண்டுபோய் விட்டாங்க, பாட்டுப் பாடிகிட்டே நடந்தான். ராஜா பல்லக்க விட்டுட்டுப் பின்னாலயே நடந்தாரு, என்ன ஆகுதுன்னு பாக்காம அவரால இருக்க முடியுமா?

கொஞ்ச தூரம் போனதும் பாட்டு நின்னுபோச்சு. கழுத்து கடுத்துச்சு. "முதல் கல்லு வந்துரும்"னு போனான். வந்துச்சு, ரெண்டு குழி. அவன் பிடுங்குனதுதான, பொன்னு ஆசையில அதையே மறந்துட்டான்! வேர்த்துச்சு, கண்ணு இருட்டுச்சு. "அடுத்த கல்லு வந்துரும்"னு போனான். வந்துச்சு, ரெண்டு குழி. கால் நடுங்குச்சு, முட்டி ஒண்ணோட ஒண்ணு அடிச்சுகிச்சு. "அதுக்கடுத்த கல்லு"ன்னு போனான். அங்கயும் ரெண்டு குழி. குழிக்குப் பக்கத்துல சந்தைக்குப் போற பொம்பளைங்க, புல்லுக்கட்டும் பானையும் விறகுமா வரிசையா நின்னாங்க.

"தாயிகளா, கொஞ்சம் கை குடுங்க, கழுத்து ஒடியுது!"

"எப்படிண்ணே குடுக்குறது?"ன்னா முன்னால நின்னவ. "எங்க தலையிலயும் சுமை இருக்கே. எங்கள இறக்கிவிடத்தான் ஒரு கல்லு இல்ல."

அதுக்கு மேல அவனால முடியல. கழுத்து ஒரு பக்கமாச் சாஞ்சுச்சு, மூட்டை நழுவுச்சு, சரிவுல உருண்டுச்சு, பாறையில பட்டுக் கிழிஞ்சு, பொன்னெல்லாம் ஆத்து மடுவுல போய் விழுந்துச்சு. சாஞ்ச கழுத்து கடைசி வரைக்கும் நிமிரல. நல்லா வேணும்!

ராஜா அவன் கையில கடப்பாரையக் குடுத்தாரு. "எதப் பிடுங்குனியோ அத நடு." வண்டியில கல்லெல்லாம் திரும்பி வந்துச்சு, ஒவ்வொரு குழியா நட்டான். ராஜா அப்பவும் "அடுத்தது எங்க?"ன்னுதான் கேட்டாரு, அந்தக் குணம் போகல. வெள்ளத்தாயி கோட்டையும் குகையும் படிக்குளமும் எங்க இருக்குன்னு சொன்னா. "பல்லக்கு போகாது மகாராஜா, நடக்கணும். உடும்பும் வௌவாலும் ஆமையும் பேச ஆளில்லாமக் கெடக்குதுங்க, அவசரப்படாம உக்காந்து கேளுங்க"ன்னா. இந்த அம்பலவாணன் கொஞ்சம் நடந்திருந்தா நிசமான இடமே கெடைச்சிருக்கும், பாரு!

மாசாணம் கல்ல நட்ட அன்னைக்கு, சுரண்டுன இடத்துல மறுபடி பேரு வெட்டணும்னு உளிய அவன்கிட்டயே குடுத்தாங்க. சுரண்டும்போது அவன் அந்தப் பேரப் படிக்கவே இல்ல. எல்லாரும் பாக்க, தலையக் குனிஞ்சுகிட்டு, "தாயி, உங்க அக்கா பேரு என்ன?"ன்னு கேட்டான். வெள்ளத்தாயி ஒவ்வொரு எழுத்தாச் சொல்லச் சொல்ல, வெட்டுனான்.

வெட்டி முடிக்கவும் விறகுக்கட்டோட ஒருத்தி வந்தா. நெறமாசம், வயிறு முன்னால, கட்டு மேல. கல்லக் கண்டதும் கட்டத் தள்ளி வச்சுட்டு, வயித்தப் பிடிச்சுகிட்டு, "அப்பாடா"ன்னு ஒரு மூச்சு விட்டா. அந்த மூச்சு அவளோடதா, அக்காவோடதான்னு வெள்ளத்தாயிக்குத் தெரியல.

அவ்வளவுதான், என் கதையையும் இறக்கி வச்சாச்சு. அடுத்தவங்க இறக்கி வைக்கிற இடத்தப் பிடுங்குனவனுக்கு, அவன் சுமைய வைக்கவும் இடம் கெடைக்காது. போங்க, போய்ப் படுங்க.