வாத்தியார் காவல் காத்த தொட்டி

சவ்வாது மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். கோபுரம், சொத்துபத்து ஒன்றும் கிடையாது. ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, ஒரு கிணறு, செவலை என்று ஒரு பசு. ஆனால் பௌர்ணமி மத்தியானம் அங்கே அடுப்பு எரியாமல் இருந்ததில்லை. சுற்றுவட்டாரச் செங்கல் சூளைகளிலிருந்து இருநூறு பேராவது வந்து இலைக்கு முன்னால் உட்காருவார்கள். மாதத்தில் அவர்கள் வடை பாயசத்தோடு சாப்பிடுவது அந்த ஒரு வேளைதான்.

மடத்துக்குக் குரு செங்கமலத்தம்மாள். வயது நாற்பத்தொன்று. அவருக்குச் சீடராக வந்து சேர்ந்த ஏகாம்பரம் வாத்தியாருக்கோ அறுபத்து மூன்று. அதனாலென்ன, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்றுதான் பார்க்கவேண்டும், எந்த வருஷம் வெட்டியது என்றா பார்ப்பது? அவர் "அம்மா" என்பார். அந்தம்மா "வாத்தியாரே" என்பார். இரண்டிலும் பிரியம் இருந்தது.

வாத்தியார் முப்பத்து நாலு வருஷம் அரசுப் பள்ளியில் வேதியியல் நடத்தியவர். மனைவி போன பிறகு சோறே இறங்காமல் கிடந்த மனுஷனுக்கு இந்த மடத்துப் பௌர்ணமி இலையில்தான் முதல் கவளம் உள்ளே போயிற்று. வந்தவர் திரும்பிப் போகவில்லை. அந்த அன்னதானத்தின் மேல் அவருக்கு உயிர்.

மாசிப் பௌர்ணமிக்கு மறுநாள் செவலை கட்டை அவிழ்த்துக்கொண்டு போய், கொல்லைக் குழியில் கொட்டிக் கிடந்த மிச்சச் சோற்றை வயிறு முட்டத் தின்றுவிட்டது. வயிறு உப்பி, காலைப் பரப்பிக்கொண்டு விழுந்தது. மாட்டு டாக்டர் வந்து மருந்து கொடுத்தார்.

"இவ்வளவு சோறு தின்னா மாடு பிழைக்காதும்மா. இத்தனையா மீத்துவீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள்தான் செவலை எழுந்து நின்றது. அதன் கழுத்தைத் தடவியபடியே செங்கமலத்தம்மாள் சொன்னார்.

"ரெண்டு தொட்டிச் சோறு குழிக்குப் போயிருக்கு. மண்ணையும் நாறடிச்சு, மாட்டையும் கொல்லப் பாத்துட்டோம். இன்னும் மூணு பௌர்ணமி பாப்போம். இப்படியே மீந்தா அன்னதானத்தை நிறுத்திடலாம்."

வாத்தியார் பதறிப்போய் முன்னால் வந்தார்.

"நிறுத்தறதா? வேண்டாம்மா. எங்கிட்ட விடுங்க. அவங்களுக்கு விஷயம் தெரியலை. எடுத்துச் சொன்னா கேப்பாங்க."

"சொல்லிப் பாருங்க."

பங்குனிப் பௌர்ணமி வந்தது. இலை போட்டாயிற்று, சோறு வந்தாயிற்று. வாத்தியார் கூடத்தின் நடுவில் போய் நின்றுகொண்டார். ஒரு கிலோ அரிசி விளைய எத்தனை ஆயிரம் லிட்டர் தண்ணீர் வேண்டும், மட்கும் சோற்றிலிருந்து மீத்தேன் எப்படிக் கிளம்புகிறது, அது மேலே போய் பூமியை எப்படிச் சூடாக்குகிறது, போன கோடையில் சூளைக்காரர்கள் ஏன் அப்படி வெந்தார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னார். பொய்யில்லை, நன்றாகவே சொன்னார். வாத்தியாருக்குச் சாக்பீஸ் ஒன்றுதான் குறை.

அதற்குள் சாம்பாரில் ஆடை கட்டிவிட்டது. இரண்டு பிள்ளைகள் இலை முன்னாலேயே தூங்கிப் போனார்கள். ஆறின சோற்றை எவன் ரசித்துச் சாப்பிடுவான்? அன்றைக்கு இரண்டரைத் தொட்டி.

சமையல்காரர் பச்சையப்பன் தொட்டியை இழுத்துக்கொண்டு போகும்போது முணுமுணுத்தார்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா சாமி."

வாத்தியார் காதில் அது விழத்தான் விழுந்தது.

சித்திரைப் பௌர்ணமிக்கு அவர் வாயே திறக்கவில்லை. எச்சில் தொட்டி பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இலையைக் கொண்டுவந்து போடுகிறவர்களின் கையைப் பார்ப்பார், பிறகு முகத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான். பரீட்சை ஹாலில் முப்பத்து நாலு வருஷம் பழகின பார்வை, கேட்கவா வேண்டும்?

சாயந்திரம் துள்ளாத குறையாகக் குருவிடம் ஓடி வந்தார்.

"அம்மா, அரைத் தொட்டிதான். வந்து பாருங்க."

"பாத்தேன் வாத்தியாரே. நீங்க கொஞ்சம் மதிலுக்கு அந்தப் பக்கம் வாங்க."

மதிலுக்கு வெளியே வாய்க்கால். அதில் மடித்து மடித்து எறிந்த இலைப் பொட்டலங்கள் மிதந்துகொண்டிருந்தன. ஒன்று பிரிந்து வெள்ளைச் சோறு தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது.

"சோறு குறையல. இடம் மாறியிருக்கு" என்றார் செங்கமலத்தம்மாள். பிறகு மெதுவாகச் சொன்னார். "காசியம்மா உங்களுக்குப் பயந்து முழுசையும் தின்னுட்டு, வேப்பமரத்துக்குப் பின்னாடி போய் வாந்தி எடுத்துச்சு. அடுத்த மாசம் வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போகுது."

காசியம்மா சூளையில் கல் அடுக்குகிற கிழவி. பத்து வருஷமாக ஒரு பௌர்ணமி தவறாதவள். வாத்தியார் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அம்மா, நான் சொன்னதுல தப்பு இருக்கா?"

"இல்லை."

"முப்பத்து நாலு வருஷம் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைங்க எழுதுனாங்க, நூத்துக்கு நூறு வாங்குனாங்க. வெளிய வந்ததும் கையில இருக்கிற குப்பையைக் கீழ போட்டுட்டுப் போவாங்க. தெரிஞ்சும் ஏன்மா செய்ய மாட்டேங்கறாங்க?"

குரு ஒரு குச்சியால் பிரிந்த பொட்டலத்தைக் கரைக்கு இழுத்துப் போட்டார்.

"நாளைக்கு மத்தியானம் என் கையால சாப்பிடுங்க வாத்தியாரே."

மறுநாள் கூடத்தில் ஒரே ஒரு இலை. வாத்தியார் உட்கார்ந்தார். செங்கமலத்தம்மாளே பரிமாற வந்தார். பந்திக்கு எடுக்கிற பெரிய சோற்றுக் கரண்டி, பந்தி வேகம். ஒரு கரண்டி விழுந்தது. இரண்டு விழுந்தது.

"போதும்மா."

"என்ன சாப்பிடறீங்க நீங்க, கோழி கொத்தற மாதிரி" என்று மூன்றாவது விழுந்தது.

வாத்தியார் இரண்டு கையையும் குவித்து இலையை மூடினார். நாலாவது கரண்டி அவர் கை மேலேயே விழுந்தது. நம் ஊர்ப் பந்தியில் கையைப் பார்த்து நிறுத்தினவர் யார்? எதைக் கொடுத்தாலும் போதும் என்று சொல்லாத மனுஷன், சோற்றுக்கு மட்டும்தான் போதும் என்பான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவன் சொல்லத்தான் சொல்கிறான், கேட்பவர்தான் இல்லை.

வாத்தியார் பாதி சாப்பிட்டார். முக்கால் சாப்பிட முயன்றார். முடியவில்லை.

"மிச்சம் வைக்காதீங்க வாத்தியாரே. மீத்தேன் வரும்."

"முடியலையேம்மா."

செங்கமலத்தம்மாள் சிரித்துவிட்டார். கை படாத பக்கத்துச் சோற்றை ஒரு சட்டியில் எடுத்துத் தண்ணீர் ஊற்றி வைத்தார். காலையில் பழையதாக அதையும் வாத்தியாரே சாப்பிடட்டும் என்றார். கரண்டியைக் கழுவி, அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

வாத்தியார் கை காயும் வரை அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் சூளைக்கு நடந்து போனார். காசியம்மா முன்னால் போய் நின்று கும்பிட்டார்.

"தாயி, வைகாசிப் பௌர்ணமிக்கு வந்துடு."

"வேணாம் சாமி. நீங்க மொறைப்பீங்க."

"நான் தொட்டிகிட்ட இருக்க மாட்டேன். பரிமாறப் போறேன்."

"அப்ப பாக்கறேன்" என்றாள் காசியம்மா, சிரிக்காமல்.

வைகாசிப் பௌர்ணமியன்று பச்சையப்பன் பெரிய கரண்டியை நீட்டினார். வாத்தியார் அதை வாங்கவில்லை. சாம்பார் ஊற்றுகிற சின்னக் கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் குனிந்தார்.

"எவ்வளவு வைக்கட்டும்?"

முதல் இலைக்காரன் திகைத்துவிட்டான். இதுவரை யாரும் கேட்டதில்லையே.

"நாலஞ்சு கரண்டி வைங்க வாத்தியாரே. விடியக்காலைல இருந்து மண்ணு மிதிச்சிருக்கேன்."

"உனக்குக் கண்ணு?"

"கொஞ்சூண்டு" என்றது அடுத்த இலையிலிருந்த குழந்தை, விரலால் அளவு காட்டி.

"தீர்ந்ததும் கூப்பிடு. மறுபடி வருவேன்."

நிஜமாகவே மறுபடி வந்தார். அதற்கப்புறமும் வந்தார். காசியம்மா வந்திருந்தாள். கடைசி இலையில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"பொரியல் வைக்கட்டுமா தாயி?"

"வேணாம் சாமி. மெல்லறதுக்குப் பல்லு ஏது?"

"பத்து வருஷமா வச்சுக்கிட்டே இருக்காங்களே?"

"நானும் பத்து வருஷமா ஓரம் ஒதுக்கிட்டே இருக்கேன்."

வாத்தியார் பொரியலைத் தள்ளி வைத்தார். சோற்றைக் கரண்டியாலேயே குழைத்து ரசம் ஊற்றினார்.

வெளியே இரண்டாம் பந்திக்குக் காத்திருந்தவர்களுக்குப் பொறுமை போயிற்று.

"என்ன வாத்தியாரே, சோறு போடறீங்களா, ஜனத்தொகை எடுக்கறீங்களா?"

கூடமே சிரித்தது. பச்சையப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

"பந்தி நகரவே மாட்டேங்குதும்மா. இப்படிப் போனா எப்ப முடியறது?"

"முடியும்போது முடியட்டும் பச்சையப்பா" என்றார் குரு.

மூன்று பந்தி. வாத்தியார் முழங்கால் இரண்டும் விட்டுப்போச்சு. மீத்தேன் என்ற வார்த்தையை அன்றைக்கு அவர் எடுக்கவேயில்லை. எடுக்க நேரம் எங்கே இருந்தது?

நாலாவது பந்தி மடத்து ஆட்களுக்கு. அதில் வாத்தியாரையும் உட்காரவைத்து, செங்கமலத்தம்மாள் பரிமாறினார். வாத்தியார் இரண்டு வாய் வைத்தார். மனசு இலையில் இல்லை. தொட்டியில் எவ்வளவு இருக்கிறதோ, அடுப்பு அணைந்துவிடுமோ என்று ஒரே துடிப்பு. நாலாவது வாயில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு கொல்லைக்கு ஓடிவிட்டார்.

தொட்டியை எட்டிப் பார்த்தார். வெறும் இலைகள். முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய். சோறு இல்லை. குச்சியால் கிளறிப் பார்த்தார். இல்லவே இல்லை. மனுஷன் அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

செங்கமலத்தம்மாளும் வந்து எட்டிப் பார்த்தார்.

"பாருங்கம்மா, ஒரு பருக்கை இல்லை."

அப்போது பச்சையப்பன் கடைசிப் பந்தி இலைகளைக் கட்டாக அள்ளி வந்து தொட்டியில் போட்டார். ஒரு இலை பிரிந்தது. வெள்ளை வெளேர் என்று சோறு சரிந்து விழுந்தது. நன்றாக இரண்டு கைப்பிடி இருக்கும்.

வாத்தியார் முகம் சிவந்துவிட்டது. பழைய வகுப்பறைக் குரல் தானாக வந்தது.

"யாரு இலை இது?"

பச்சையப்பன் துண்டால் வாயை மூடிக்கொண்டு குருவைப் பார்த்தார்.

"யாருன்னு சொல்லுங்க. இருநூறு பேரு ஒரு பருக்கை விடாம சாப்பிட்டுப் போயிருக்காங்க. மடத்துக்குள்ளயே இருந்துட்டு இப்படிச் செஞ்சது யாரு?"

"தூணுக்குப் பக்கத்து இலை சாமி" என்றார் பச்சையப்பன்.

தூணுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்தது என்று வாத்தியார் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் தலை குனிந்துகொண்டே போயிற்று.

"அம்மா" என்றார். குரல் உடைந்திருந்தது. "ஊருக்கெல்லாம் சொன்ன நானே, என் இலையில மிச்சம் வச்சுட்டேனே. எல்லாம் போச்சேம்மா. நான் என்னத்த வாத்தியாரு?"

செங்கமலத்தம்மாள் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"நீங்க என்ன செய்வீங்க வாத்தியாரே. காலைல இருந்து குனிஞ்சு நிமிந்து பசி செத்துப்போயிருக்கு உங்களுக்கு. நான் உங்க முகத்தைப் பாக்கலை. எப்பவும் போடறதுதானேன்னு போட்டுட்டேன்."

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார்.

"அடுத்த பௌர்ணமிக்கு உக்காருங்க" என்றார் குரு. "கேட்டுப் போடறேன்."