தும்பை மானுக்குப் பால் ஊறிய கதை

ஒரு காட்டில், ஓடைக்கரை மூங்கில் புதர்களுக்குப் பக்கத்தில், தும்பை என்ற புள்ளிமான் கன்று ஈன்றிருந்தது. அந்தக் கன்றின் பெயர் மொட்டு.

முதல் கன்று அல்லவா, குழந்தைகளே! தும்பைக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. நக்கி நக்கியே மொட்டின் முதுகுப் புள்ளிகளை மினுமினுக்க வைத்துவிட்டது.

மூன்றாம் நாள்தான் சங்கடம் தொடங்கியது. மொட்டு மடியை முட்டிப் பால் குடித்தது. நாலு மிடறு உள்ளே போவதற்குள் பால் நின்றுவிட்டது. மறுபடி முட்டியது. இரண்டு சொட்டு வந்தது. அவ்வளவுதான்.

"ம்மே! ம்மே!" என்று மொட்டு பசியில் கத்தியது.

சற்றுத் தள்ளி ஆவாரை என்ற இன்னொரு மான் தன் கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கன்றின் வாயோரம் பால் நுரைத்து வழிந்தது. தும்பை அதைப் பார்த்தது. அதன் காதுகள் தொங்கிப்போயின. 'பெற்ற கன்றுக்குப் பால் கொடுக்கத் துப்பில்லை என்று சொல்வார்களே' என்று நினைத்து, மொட்டை மூங்கில் புதருக்குள் தள்ளிக்கொண்டு போய் ஒளிந்துகொண்டது.

புதருக்குள் போனால் கன்றின் குரலும் ஒளிந்துகொள்ளுமா? அந்தப் பக்கம் வந்த தோகை மயில் எட்டிப் பார்த்தது.

"என்ன தும்பை, பால் போதவில்லையா? இது ஒரு பெரிய விஷயமா! பால் என்பது குட்டைத் தண்ணீர் மாதிரி. எடுத்துக்கொண்டே இருந்தால் எப்படி நிறையும்? காலையிலிருந்து மாலை வரை கன்றை மடியில் அண்டவிடாதே. தானாக நிறைந்துவிடும்" என்று தோகையைச் சிலுப்பிக்கொண்டு சொன்னது.

மயில் போனதும் ஆமை வந்தது. அது எதையும் யோசித்து நிதானமாகத்தான் பேசும். அதனால் அது சொல்வதெல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும்.

"நீ... தண்ணீர்... குடித்தாயா?"

"குடித்தேனே."

"அதுதான் காரணம். தண்ணீர் குடித்தால் பால் நீர்த்துப்போகும். ஓடைப் பக்கமே போகாதே."

கிளியும் சும்மா இருக்கவில்லை. "பச்சைப் புல் ஆகாது! தளிர் ஆகாது! பழம் ஆகவே ஆகாது! காய்ந்த சருகுதான் தின்ன வேண்டும். எங்கள் மரத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்று கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு படபடவென்று கொட்டியது.

பாவம் தும்பை! மூவரும் சொன்னதை அப்படியே கேட்டது. இரண்டு நாள் சருகைத் தின்றது. ஓடை சலசலப்பது காதில் விழும்போதெல்லாம் தொண்டை வறண்டது, ஆனாலும் போகவில்லை. மொட்டு மடிக்கு வரும்போது, "கொஞ்சம் பொறுடா கண்ணு, நிறையட்டும்" என்று விலகி விலகி நின்றது.

மடி நிறைந்ததா? இருந்ததும் வற்றியது.

இரண்டாம் நாள் உச்சிப்பொழுதில் மொட்டின் கத்தல் நின்றுபோனது. கன்று புல்லில் சுருண்டு படுத்திருந்தது. தும்பை மூக்கால் முட்டி எழுப்பியது. மொட்டு முன்காலை ஊன்றிப் பார்த்து, முடியாமல் மறுபடி படுத்துவிட்டது. கத்தும்போது பட்ட வேதனையைவிட, கத்தாமல் கிடந்தபோது தும்பைக்கு உண்டான பயம் பெரிதாக இருந்தது.

"ஐயோ, யாராவது வாருங்களேன்!" என்று அது வாய்விட்டு அலறியது.

புதர் மடமடவென்று முறிந்தது. கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த கோரை என்ற காட்டுப்பன்றி, மூக்கெல்லாம் சேறும் பின்னால் ஆறு குட்டிகளுமாக உள்ளே வந்தது. மனதில் பட்டதைப் பட்டென்று பேசுவது அதன் குணம்.

"என்னடி தங்கச்சி இது? கன்று இப்படித் துவண்டு கிடக்கிறது, நீ எலும்பும் தோலுமாக நிற்கிறாய்?"

தும்பை அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னது. கோரை கேட்டது; மூக்கைச் சுளித்தது; பிறகு காடே அதிரும்படி குரல் கொடுத்தது.

"மயிலே! ஆமையே! கிளியே! பால் விஷயத்தில் உங்களை மிஞ்ச ஆளில்லையாமே! உடனே வாருங்கள்!"

தங்களைப் புகழப்போகிறார்கள் என்று நினைத்து மயிலும் கிளியும் பறந்து வந்தன. பக்கத்தில்தான் இருந்த ஆமை கடைசியாக வந்து சேர்ந்தது.

"இப்படி வரிசையாக நில்லுங்கள்" என்றது கோரை. "கன்று பசியில் கிடக்கிறது. இவ்வளவு தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒரு வேளை பால் கொடுங்கள். மயிலே, முதலில் நீ!"

மயிலுக்குத் தோகை சுருங்கிவிட்டது. "பாலா? நானா? நான் முட்டைகூட இட்டதில்லையே!"

"சரி, ஆமை வரட்டும்."

"நான்... முட்டையிட்டு... மணலில் மூடிவிட்டு வந்துவிடுவேன். குஞ்சு என்ன தின்றதென்று... எனக்குத் தெரியாது" என்று முனகிய ஆமை, தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

கிளியைக் காணோம். அது எப்போதோ பறந்துவிட்டிருந்தது.

கோரையின் ஆறு குட்டிகளும் புல்லில் உருண்டு உருண்டு சிரித்தன. அவ்வளவு கவலையிலும் தும்பைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சிரித்தாயா? நல்லது. என் முதல் ஈற்றில் நானும் உன்னைப் போலத்தான் அழுதேன்" என்றது கோரை. "என் குட்டிகளைப் பார். எந்தக் காம்பைச் சப்புகிறதோ அந்தக் காம்புதான் ஊறும். சப்பாமல் விட்டது வற்றிப்போகும். கேட்கக் கேட்கத்தான் சுரக்கும், தங்கச்சி. ஆனால் அதற்கு நாளாகும். இப்போதைய பசிக்கு ஆவாரையைக் கூப்பிடு."

தும்பை தலையைக் குனிந்துகொண்டது. "அக்கா, அவள் என்னைப் பற்றி என்ன நினைப்பாள்?"

"நினைக்கிறதை நினைக்கட்டும். கன்று பிழைக்க வேண்டாமா?"

தும்பை மொட்டைப் பார்த்தது. அப்புறம் யோசிக்கவில்லை. புதரைவிட்டு வெளியே ஓடி, "ஆவாரை! என் மடியில் பால் இல்லை. என் கன்றுக்கு ஒரு வாய் கொடுப்பாயா?" என்று கேட்டது.

ஆவாரை பாதி மேய்ச்சலில் ஓடிவந்தது. "இதைக் கேட்க இத்தனை நாளா? கன்று கத்தியது எனக்கும் கேட்டது. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு புதருக்குள் போனதால், என் மேல் ஏதோ கோபம் என்றல்லவா நினைத்தேன்!"

மொட்டு படுத்தபடியே முகர்ந்து பார்த்தது. ஒரு மிடறு, இரண்டு மிடறு. கொஞ்சநேரத்தில் முழங்காலிட்டுக் குடித்தது. பிறகு எழுந்து நின்று, வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது.

அதைப் பார்க்கும்போது தும்பையின் நெஞ்சில் ஒரு மூலையில் சுருக்கென்றது. மற்ற இடமெல்லாம் குளிர்ந்துபோனது.

தும்பை நேரே ஓடைக்குப் போய் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது. இளம்புல்லை ஆசைதீர மேய்ந்தது. நிழலில் படுத்து, மொட்டு கேட்டபோதெல்லாம் மடியைக் கொடுத்தது; கேட்காதபோதும் கொடுத்தது. கோரையின் குட்டிகள் மொட்டோடு விளையாடிய நேரத்தில் கண்ணயர்ந்தது.

முதல் நாள் மாற்றம் எதுவும் தெரியவில்லை. மறுநாள் இன்னும் நாலு மிடறு கூடுதலாக வந்தது. ஐந்தாம் நாள், மொட்டின் தொண்டையில் 'மடக், மடக்' என்ற சத்தம் கேட்டது. தும்பை மூச்சுக்கூட விடாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றது.

ஆவாரைக்கு ஊறிய அளவு தும்பைக்குக் கடைசிவரை ஊறவில்லைதான். அதனால் என்ன? பகலெல்லாம் தாயிடம் குடித்துவிட்டு, மாலையில் ஆவாரையிடம் போய் மிச்சப் பசியைத் தீர்த்துக்கொண்டது மொட்டு. அது கொழுகொழுவென்று வளர்ந்தது.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள், வம்பு பேசுவதே வேலையான ஒரு குரங்கு மரத்திலிருந்து கேட்டது: "தும்பை, உண்மையைச் சொல். உன் கன்று உன் பாலில் வளர்ந்ததா, ஆவாரையின் பாலில் வளர்ந்ததா?"

"கன்றையே கேட்டுத் தெரிந்துகொள்ளேன்! முதலில் ஓடிப்போய் அதைப் பிடி!" என்றது தும்பை.

குரங்கு கீழே குதிப்பதற்குள் மொட்டு ஒரே தாவில் ஓடையைத் தாண்டி அக்கரைக்குப் போய்விட்டது.

நீதி: பிள்ளைக்குப் பசிக்கும்போது வெட்கப்பட்டு ஒளியக் கூடாது, பட்டு அறிந்தவரிடம் வழி கேட்டு, கிடைக்கிற உதவியை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ள வேண்டும்.