உமி சுழன்ற இடம்

கடிகாரமும் காலண்டரும் பிறக்காத காலத்தில் வேங்கையூர் என்று ஓர் ஊர் இருந்தது. ஊருக்கு மேற்கே பெரிய ஏரி. ஏரிக்குக் கீழே முந்நூறு வீடு. அதில் ஒரு வீட்டில் கொற்றனின் மனைவி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். குழந்தை பிறந்து மூன்றே நாள்தான் ஆகியிருந்தது.

அந்த ஐப்பசியில் மழை விட்டபாடில்லை. ஏரி விளிம்பு வரை நிறைந்துவிட்டது. கரையை உயர்த்த அரசன் நூறு ஆட்களை அனுப்பினான். அவர்களை வேலை வாங்கக் கொற்றனைக் கண்காணி ஆக்கினான்.

கொற்றன் கெட்டவன் இல்லை, பயந்தவன். பயந்தவன் கையில் பிரம்பைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள் ஆட்கள் மண்கூடையைக் கைமாற்றிக்கொண்டே பாடினார்கள். "ஊரே முழுகப் போகுது, உங்களுக்குப் பாட்டு கேக்குதா?" என்றான் கொற்றன். பாட்டு நின்றது.

இரண்டாம் நாள் வட்டமாக உட்கார்ந்து கூழ் குடித்தார்கள். யாரோ எதையோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். இனி அவரவர் நின்ற இடத்திலேயே குடிக்க வேண்டும் என்றான் கொற்றன். சிரிப்பு நின்றது.

மூன்றாம் நாள் நாலு பேர் கரையில் ஒரு பள்ளத்தைக் கண்டு தாங்களாகவே நிரப்பினார்கள். கொற்றனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் சொல்லாம ஒரு கூடை மண்ணும் எங்கேயும் விழக் கூடாது. மீறினவன் அப்படியே வீட்டுக்குப் போகலாம்" என்றான். அதோடு யோசனையும் நின்றது.

கரையோ ஒரு முனையில் நின்று கத்தினால் மறுமுனைக்குக் கேட்காத நீளம். கொற்றனுக்கு இருந்தது எல்லாரையும் போல இரண்டு கண், இரண்டு கால். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடி ஓடிக் கால் வீங்கிவிட்டது. சோறு இறங்கவில்லை. அவ்வளவு ஓடியும் வேலை பாதியாகக் குறைந்தது. சோம்பேறிகளைக் கட்டி மேய்க்கிறேனே என்று பல்லைக் கடித்தான்.

நாலாம் நாள் காலையில் நாச்சி வந்தாள். கரை வேலையிலேயே தலை நரைத்தவள். "ஐயா, வடக்கே கரைக்கு அடியில ஈரம் கசியுது" என்றாள்.

"மழையில எல்லாம் ஈரமாத்தான் இருக்கும். போய் வேலையைப் பாரு."

சற்று நேரம் கழித்து மறுபடி வந்தாள். "ஐயா, இப்போ ஊத்தா ஓடுது."

"ஏரின்னா ஊறத்தான் செய்யும். வேலையைப் பாரு."

உச்சிவேளையில் மூன்றாம் முறை வந்தாள். "ஐயா, தண்ணி கலங்கலா வருது."

கலங்கலாக வந்தால் கரைக்குள் இருக்கும் மண்ணே அரித்து வருகிறது என்று அர்த்தம். கொற்றன் விழுந்தடித்து ஓடினான்.

அங்கே கை பருமனுக்குத் தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி நாற்பது பேர், தலையில் நிறைகூடையோடு, ஆடாமல் நின்றிருந்தார்கள். அவன் சொல்லாமல் மண் விழக் கூடாதே.

"போடுங்க" என்று அலறினான். போட்டார்கள், தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. மறுபடி போட்டார்கள், மறுபடி போனது. மூன்றாம் தடவையும் போனது. கை பருமன் இப்போது தொடை பருமன் ஆகியிருந்தது. நின்ற இடத்திலிருந்து பார்த்தால் கீழே அவன் வீட்டுக் கூரை தெரிந்தது. அடுத்து என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஆட்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் சோம்பேறிகள் இல்லை, நான்தான் இவர்களை இப்படி ஆக்கி வைத்தேன் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எனக்குத் தெரியலை, நாச்சி. நீ சொல்லு" என்றான்.

நாச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மூன்று நாளாக வாங்கிக் கட்டிக்கொண்டவள், சட்டென்று நம்புவாளா? அவன் பிரம்பைக் கீழே போட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"வெளிப்பக்கம் அடைச்சா நிக்காதுங்க. உள்பக்கம் ஓட்டை எங்கேன்னு கண்டுபிடிக்கணும். உமி வேணும்."

இரண்டு பேர் ஊருக்குள் ஓடி மூட்டை மூட்டையாக உமி கொண்டுவந்தார்கள். அதை ஏரித் தண்ணீரில் விசிறினார்கள். உமி மிதந்தது, நகர்ந்தது, ஓரிடத்தில் வட்டமடித்து உள்ளே போனது.

"அதான் வாய்" என்றாள் நாச்சி.

சடையன் என்பவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வைக்கோல் கட்டோடு அங்கே குதித்தான். அவனை யாரும் ஏவவில்லை. சுழல் அவனை உள்ளே இழுத்தது. மூன்று பேர் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களையும் யாரும் ஏவவில்லை. களிமண் பிசைந்தவர்களும், கட்டுக் கட்டியவர்களும், கைமாற்றியவர்களும் தாங்களாகவே செய்தார்கள். கொற்றனும் வரிசையில் நின்று கூடை வாங்கினான். சடையன் வைக்கோலையும் களிமண்ணையும் ஓட்டைக்குள் திணித்துவிட்டு மேலே ஏறினான்.

வெளியே தொடை பருமன் கை பருமனாயிற்று. கை பருமன் விரல் பருமனாயிற்று. பிறகு நின்றது. கொற்றன் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதான்.

மழை இன்னும் ஒன்பது நாள் பெய்தது. கொற்றன் கரையைப் பங்கு பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் ஒப்படைத்தான். "பழுது தெரிஞ்சா முதல்ல கையை வையுங்க, அப்புறம் என்கிட்ட சொல்லுங்க" என்றான். வேலை இரட்டிப்பாயிற்று. கரையில் பாட்டும் கேலியும் காதைப் பிளந்தன.

மழை விட்ட மறுநாள் அரசன் வந்தான். எதிரே வந்த கூடைக்காரனிடம், "இந்தக் கரைக்குப் பொறுப்பு யார்?" என்று கேட்டான். "நான்தானுங்க" என்றான் அவன். சற்றுத் தள்ளிக் கயிறு திரிக்கும் பெண்ணைக் கேட்டான். "நான்தானுங்க" என்றாள் அவள். மூன்றாவதாக நாச்சியைக் கேட்டான். அவளும் அதையே சொன்னாள்.

அரசனின் புருவம் நெரிந்தது. கொற்றனைக் கூப்பிட்டான். "இத்தனை பேர் பொறுப்பு என்றால் நீ எதற்கு?"



"இவங்க கூப்பிடறப்ப ஓடி வர்றதுக்கு, மன்னா" என்றான் கொற்றன்.

அரசன் கரையைப் பார்த்தான். கீழே வெள்ளம் புகாத முந்நூறு வீடுகளைப் பார்த்தான். வேறொன்றும் கேட்காமல் குதிரையைத் திருப்பினான்.

கேட்டீர்களா, இக்கட்டான காலத்தில் தன் ஆட்களை நம்பிப் பொறுப்பையும் சந்தோஷத்தையும் அவர்களிடமே விட்டுவைக்கிறவனுடைய காரியம்தான் கரைசேரும்.