முதுகு காட்டி நின்ற ஊர்

"தாயி, பயமா இருக்கு. இது போக ஒரு வழி சொல்லுங்க."

குடிசைக்குள் வந்ததும் வராததுமாகச் சடையாண்டி கேட்டது இதைத்தான். தன் அப்பனுக்குப் பிறகு ஏரியின் மடைக்காரர், அறுபதைத் தாண்டியவர். ஓடைக்கரையில் தனியாக இருந்து, தேடி வருபவர்களுக்கு வழி சொல்லும் சாமியம்மாளுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். வெளியே மூன்றாம் நாளாக மழை விடவில்லை.

"எதுக்குப் பயம்?"

"ஏரி நிறைஞ்சிருச்சு. முங்கிப் போய் அடிமடையைத் திறக்கணும். இல்லேன்னா பொழுது சாயுறதுக்குள்ள கரை உடைஞ்சு ஊரே போயிரும். எனக்கு மூச்சு நிக்க மாட்டேங்குது, தாயி. போன தடவையே ரத்தமா இருமினேன்."

"வேற ஆளு முங்கட்டுமே."

"மடை எங்க இருக்குன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்."

சொல்லும்போதே நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அந்தப் பயத்திலும் அது மட்டும் குறையவில்லை, பாருங்கள்.

அவர் முங்கும்போது ஊரே கரையில் ஏரிக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். பார்த்தால் ஏரியம்மன் கண்ணைப் பறித்துவிடுவாள். அவர் எழுந்து வந்ததும் எல்லோரும் கும்பிடுவார்கள். "நீங்க போயிட்டா எங்க கதி என்ன?" என்பார்கள். அதைக் கேட்பதற்காகவே முப்பது வருஷமாக மடை இருக்கும் இடத்தை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

"சொல்லிட்டாப் பயம் போயிருமே" என்றாள் சாமியம்மாள்.

"சொல்லிட்டா என்னை எவன் மதிப்பான்?"

அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"இந்தக் குடிசைக்குள்ள ஒரு நாகம் கிடக்கு."

சடையாண்டி சுற்றுமுற்றும் பார்த்தார். "எங்க?"

"எனக்குத் தெரியும். நீங்க சுவரைப் பார்த்து நில்லுங்க. திரும்பக் கூடாது."

நின்றார்.

பின்னால் ஏதோ சரசரத்தது. அவள் சேலையா, பாம்பா, தெரியவில்லை.

"இடது காலைத் தூக்குங்க."

தூக்கினார்.

"கும்பிடுங்க."

கும்பிட்டார். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. அவள் மேல் அப்படியொரு பக்தி வந்தது. கூடவே, கழுத்தை நெரித்துவிடலாமா என்றும் வந்தது.

காலடிச் சத்தம் வாசல் பக்கம் நகர்ந்தது.

"ஓடைக்குப் போயிட்டு வர்றேன்."

"தாயி, நீங்க போயிட்டா என் கதி என்ன?"

வாயை விட்டு வந்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

தூக்கிய காலைக் கீழே வைத்தார். பிறகு மெல்லத் திரும்பினார். அவள் இல்லை. பாம்பை அவர் தேடவில்லை. மழையில் இறங்கி ஏரிக்கு ஓடினார்.

கரையில் ஊர் முழுக்க நனைந்துகொண்டு, அவர் வந்து முங்குவதற்காக ஏரிக்கு முதுகு காட்டி நின்றது. காலடியில் மண் இளக ஆரம்பித்திருந்தது.

"திரும்புங்க" என்றார் சடையாண்டி. "மடை எங்கன்னு காட்டுறேன். எல்லாரும் பாருங்க."

ஒருவரும் திரும்பவில்லை.

"கண்ணு போகாது. அது எங்கப்பன் கட்டிவிட்ட பொய்."

கைக்குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடியிருந்த ஒருத்தி மட்டும், தன் கண்களையும் இறுக மூடிக்கொண்டு பதில் சொன்னாள்.

"எங்களைச் சோதிக்காதீங்க, சாமி. நீங்க போய் முங்குங்க."