ஜோடியில் மெல்லியது

சிஷ்யனுக்கு வயது ஐம்பத்து மூன்று. குருவுக்கு முப்பத்தாறு. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம். கீழே சைக்கிள் கடை வைத்திருக்கும் பஷீர் இரண்டு வருடமாகச் சிரிக்கிறார்.

குருவின் பெயர் பிலோமினா. பெரம்பூரில், அந்த சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் கிடார் பழுது பார்க்கிறாள். சிஷ்யன் கிருபாகரன். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். கல்யாண வரவேற்புகளில் வாசிக்கும் மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் கிடார். ஞாயிற்றுக்கிழமைகளில் இவளிடம் வேலை கற்றுக்கொள்கிறார். அவர் மாஸ்டர் என்பார். அவள் அண்ணா என்பாள். அதற்கு மேல் அவள் அதிகம் பேசமாட்டாள்.

அந்த ஞாயிறு அவர் படியேறும்போதே பஷீர் கேட்டார், வீட்டுப்பாடம் எழுதியாச்சா சார் என்று. கிருபாகரன் நிற்காமல் மேலே ஏறினார். முகம் சரியில்லை.

தோளில் சொந்த கிடார். எட்டுக் கம்பி பேஸ். எட்டு என்றால் நாலு ஜோடி. ஜோடிக்கு ஒன்று தடி, ஒன்று மெல்லிசு. தடி சொல்லும் அதே சுரத்தை மெல்லிசு ஒரு ஸ்தாயி மேலே சொல்லும். இரண்டையும் ஒரே விரல்தான் அழுத்தும்.

"அஞ்சு மணிக்கு வல்லி ரிகர்சலுக்கு வர்றா மாஸ்டர். அதுக்குள்ள இது சரியாகணும்."

வல்லி என்பது குமுதவல்லி, அவர் மனைவி. அதே குழுவில் இருபத்தாறு வருடம் பாடியவள். ஜனவரியில் தைராய்டு ஆபரேஷன். தழும்பு ஆறியது. குரலும் வந்தது. ஆனால் நாலு படி கீழே வந்து உட்கார்ந்துகொண்டது. பழைய உயரம் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிருபாகரன் நம்பவில்லை.

போன ஞாயிறு பாதிப் பாட்டில் மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். இன்றைக்கு ஒரு தடவை வருகிறேன், சரியாக அமையவில்லை என்றால் இனி என்னை மைக் பக்கம் கூப்பிடாதீர்கள் என்று காலையில் சொல்லியிருக்கிறாள். கோபமாகச் சொல்லவில்லை. காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

பிலோமினா கிடாரை வாங்கி மேஜைமேல் கிடத்தினாள்.

கிருபாகரன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஃபிட்டர் எழுதிய தாள். பாட்டெல்லாம் நாலு படி இறங்கியதால் அடிக் கம்பி ஈ-யிலிருந்து சி-க்கு இறங்கவேண்டும். பழைய கம்பியையே தளர்த்தினால் தொய்ந்துவிடும். ஆகவே கேஜ், அதாவது கம்பியின் தடிமன், ஏறவேண்டும். நூற்று ஐந்து இருந்த இடத்தில் நூற்று முப்பது. மற்ற மூன்றுக்கும் அதே விகிதம். தடிக் கம்பி உட்காரக் காடியையும் அவரே அகலமாக ராவியிருந்தார். சுத்தமான வேலை.

அவள் தாளைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"கணக்கு சரி."

"அப்புறம் ஏன் மாஸ்டர் இப்படிக் கேக்குது?"

அவரே அடிஜோடியை வாசித்துக் காட்டினார். சும்மா மீட்டினால் பரவாயில்லை. விரல் வைத்து அழுத்தினால் போச்சு. தடி நின்ற இடத்தில் நிற்கிறது. மேலே ஏதோ ஒன்று நழுவி ஏறிக்கொண்டு இழுக்கிறது. இரண்டு பேர் ஒரு கட்டிலைத் தூக்கி, ஒருவர் மட்டும் முன்னால் ஓடுவது மாதிரி.

"இன்னும் தடியா போடவா? நூத்தி நாப்பது?"

பிலோமினா அந்த ஜோடியின் மெல்லிசுக் கம்பியை முறுக்குத் தளர்த்திக் கழற்றினாள். வாசியுங்கள் என்று கையைக் காட்டினாள்.

வாசித்தார். ஒற்றைத் தடிக்கம்பி. சுத்தமாக, உருண்டையாக வந்தது.

கிருபாகரனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அவ்ளோதானா? அப்ப மெல்லிசு நாலையும் எடுத்துரலாம் மாஸ்டர்."

"எடுத்துட்டா நாலு கம்பி பேஸ். அது எந்தக் கடையிலயும் கிடைக்கும். நீங்க எட்டு எதுக்கு வெச்சிருக்கீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். வல்லிக்காகத்தான் என்றார். மேடையில் டிரம்ஸ் சத்தத்தில் தடிக்கம்பி அவள் காதுக்குப் போகாது. மெல்லிசுக் கம்பியைக் கேட்டுத்தான் சுருதியைப் பிடிப்பாள். இருபத்தாறு வருடமும் அப்படித்தான்.

பிலோமினா கழற்றிய மெல்லிசுக் கம்பியை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தாள். ஐம்பது.

"இது எப்ப போட்டது?"

"பழசுதான், தளர்த்தி மட்டும் விட்டேன். அதுக்கென்ன, நல்லாத்தானே இருக்கு? தடிதான் மாத்தவேண்டி வந்துச்சு."

அவள் டிராயரைத் திறந்து ஒரு கம்பிச் சுருளை எடுத்தாள். மாட்ட ஆரம்பித்தாள். மாட்டிக்கொண்டே போன ஞாயிறு என்ன நடந்தது என்று கேட்டாள்.

அவர் சொன்னார். வல்லி முதல் இரண்டு வரி நன்றாகவே பாடினாள். கீழே, மெதுவாக. டிரம்ஸ்காரன்கூடத் தலையாட்டினான். மூன்றாவது வரி மேலே ஏறுகிற வரி. முன்பெல்லாம் அவள் ஏறினால் மண்டபத்தில் சாப்பிடுகிறவன் கையை நிறுத்துவான். இப்போது அவள் அதைக் கீழேயே சுற்றி எடுத்துப் பாடினாள். கிருபாகரனுக்கு மனசு கேட்கவில்லை.

"அவ விட்ட எடத்தை நான் பிடிச்சுப் பாடினேன் மாஸ்டர். மேல. அவ பழசா எப்படிப் பாடுவாளோ அப்படியே. குறை தெரியக்கூடாதில்ல?"

"எத்தனை வரி?"

"அதுலேர்ந்து எல்லா வரியும். நாலாவது வரியிலதான் மைக்கை மாட்டிட்டுப் போனா. பேஸ் இப்படி இழுத்தா யாருக்குத்தான் பாட வரும்?"

முறுக்காணி திரும்பிக்கொண்டிருந்தது. அவராகவே மேலும் சொன்னார். தினமும் காலையில் வல்லியின் பழைய பாட்டுகளை போனில் போட்டுவிடுகிறார். கேட்டுக் கேட்டுக் குரல் திரும்பிவிடும் என்று ஒரு நம்பிக்கை. அவள் அந்த நேரத்தில் மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போய்விடுகிறாள். இப்போதெல்லாம் துணி இல்லாத நாளிலும் போகிறாள்.

"நான் விடறதா இல்ல மாஸ்டர். தெம்பா இருக்கணும்ல ஒருத்தராவது. எனக்கென்ன ஆச்சு, என் குரல் அப்படியே இருக்கு."

பிலோமினா கம்பியின் நுனியை வெட்டினாள்.

"அழுத்துங்க."

அழுத்தினார். மீட்டினார். தடியும் மெல்லிசும் சேர்ந்து நின்றன. எதுவும் ஏறவில்லை, எதுவும் இழுக்கவில்லை. அவர் இன்னொரு தடவை மீட்டினார். வேறொரு இடத்தில் அழுத்தி மறுபடி.

"இது எத்தனை?"

"அறுபத்திரண்டு."

தாளில் குறித்துக்கொண்டார். மிச்ச மூன்று மெல்லிசுக்கும் அவரே விகிதம் போட்டார். அவள் டிராயரைக் காட்டிவிட்டு வேறொரு கிடாரை எடுத்துக்கொண்டாள். அவர் குனிந்தபடி மாட்டி முடிக்க மணி மூன்றரை ஆகிவிட்டது. பஷீர் கீழேயிருந்து டீ அனுப்பினார். அது ஆறிப் போனது.

கடைசியில் எட்டையும் சேர்த்து வாசித்தார். அறையே ஒரு முறை அதிர்ந்து அடங்கியது. அடியில் அந்த சி, கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது. கீழே பஷீர் பம்ப் அடிப்பதை நிறுத்தினார்.

கிருபாகரன் கம்பிகளின் மேல் கையை வைத்து நிறுத்தினார். உறையில் போட்டார். தோளில் மாட்டினார். கதவுவரை போனவர் திரும்பினார்.

"இது சரியாயிடுச்சு மாஸ்டர். வல்லி பாடணுமே. நாலாவது வரி வந்ததும் பயந்து மைக்கை வெச்சிட்டான்னா? அவகிட்ட நான் என்ன சொல்றது? அவளை எப்படிச் சரிபண்றது?"

பிலோமினா மேஜையில் கிடந்த பழைய மெல்லிசுகள் நாலையும் சேர்த்துச் சுருட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"தடிக்கம்பியில நான் கையே வைக்கலைண்ணா. அப்படியே இருந்த மெல்லிசுகளைத்தான் மாத்தினோம்."